பெட்டியைக் காப்பாற்றுவதா, பாடத்தைக் காப்பாற்றுவதா?

ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் ஊரில் ஒரு பரண் உண்டு. அந்தப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி உண்டு. கல்யாண வீடியோ கேசட், தாத்தா பேசின ஆடியோ கேசட், காலேஜ் ப்ராஜெக்ட் இருந்த ஃப்ளாப்பி என்று ஏதாவது ஒன்று அதில் தூங்கிக்கொண்டிருக்கும். லீவுக்குப் போகும்போதெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று மூடிவிட்டு வருவோம். போட்டுப் பார்க்க மெஷின் இல்லையே, என்ன செய்வது?

இதே கேள்வி கணினிக்காரர்களுக்கும் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒரு மெஷினுக்காக எழுதின புரோகிராம் இன்னொரு மெஷினில் ஓடாது. ஓட வைக்க இரண்டு வழி. ஒன்று, கூடுதலாக ஒரு வன்பொருளை வாங்கி மாட்டுவது. இன்னொன்று, பழைய மெஷினைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளை எழுதி, அதற்குள் பழைய புரோகிராமை ஓட்டுவது. இந்த நடிகருக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர்.

எது மேல்? நான் பி.காம். படித்த வங்கி அதிகாரி. சாலிடரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டாலே யோசித்துத்தான் சொல்வேன் :-) ஆனாலும் போன வருஷம் எங்கள் ஹவுஸ் ஓனருக்காக இரண்டு வழியிலும் போய்ப் பார்க்கும்படி ஆயிற்று. பரணில் பெட்டி வைத்திருக்கும் உங்களுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாற்றல் உத்தரவு கொண்டுவந்து போட்ட இடம் பெங்களூரு சிவாஜிநகர். தெரியாதவர்களுக்கு: இது பழைய கண்டோன்மென்ட் பகுதி. வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. ரஸ்ஸல் மார்க்கெட்டில் தமிழ், உருது, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசலாம். பக்கத்திலேயே செயின்ட் மேரீஸ் பசிலிக்கா. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதி தமிழில்தான் பேசிக்கொண்டு வரும்.

எங்கள் ஹவுஸ் ஓனர் இதே கண்டோன்மென்டில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 81. நான் "சார்" என்பேன், அவர் "தம்பி" என்பார். 1984இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தன. முதலில் சுமார் 250 பள்ளிகள், பிறகு இன்னும் பல. அந்தத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த மெஷின் பிபிசி மைக்ரோ. பிரிட்டனில் பிபிசி நிறுவனம் மக்களுக்குக் கணினி சொல்லித்தர ஆரம்பித்தபோது, அதற்காகக் கேம்பிரிட்ஜ் ஏகார்ன் கம்பெனி 1981இல் செய்த கணினி அது. பஞ்சாப் மொகாலியில் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி, 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயும் அதைச் செய்தது.

என் வயதுக்காரர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி ரூமுக்குள் வரிசையாகப் போய், ஆளுக்கு ஐந்து நிமிஷம் தொட்டுப் பார்ப்போமே, அந்த மெஷின்தான். 32 கிலோபைட் நினைவகம். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைப் போல் நூறு மடங்கு இருக்கும்.

அந்த 32 கிலோபைட்டில் சார் ஒரு வேலை செய்திருந்தார். அவர் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நியூ ஜெர்சியிலும் மெல்போர்னிலும் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கதைதான், 1988இல் சிவாஜிநகரில்! அவர்களுக்காக சார் பேசிக் மொழியில் ஒரு தமிழ்ப் பாடம் எழுதினார். திரையில் எழுத்து வரும், மெஷின் சத்தம் கொடுக்கும், பிள்ளை சரியான பட்டனை அமுக்க வேண்டும்.

அந்த மெஷினுக்குத் தமிழ் எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் புது எழுத்துகளை நாமே வரைந்து கொடுக்க அதில் வசதி உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் ஓர் எண்; ஓர் எழுத்துக்கு எட்டு எண். சாதாரணமாக 32 எழுத்துகளுக்கு இடம் கிடைக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. "பார்த்தியா தம்பி, நம்மாளுங்களுக்காகவே ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்குல்ல!" என்று சார் சிரிப்பார். ஆனால் 'ண'வின் சுழிகள் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்குமா? அடங்காது. பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து இரண்டு கட்டத்தில் ஓர் எழுத்து என்று வரைந்திருக்கிறார். அதிக எழுத்துகளுக்கு இடம் கேட்டால் புரோகிராமுக்கான நினைவகத்தில் அந்த மெஷின் கை வைக்கும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்துகிற மாதிரி அவர் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எழுதிய கிராஃப் நோட்டு இன்னும் இருக்கிறது.

பிற்பாடு பள்ளியில் அந்த மெஷினைக் கழித்துக்கட்டி ஏலம் விட்டபோது, சாரே எடுத்து வந்துவிட்டார். மெஷின், 14 ஃப்ளாப்பிகள், ஆசாரியிடம் சொல்லிச் செய்த ஐந்து பட்டன் மரப்பெட்டி. எல்லாம் பரணில். மெல்போர்னில் இருக்கும் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும். "ஓடுமா தம்பி?" என்று கேட்டார்.

இரண்டு வழிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரிந்தது எங்கள் கிளையை வைத்துத்தான். கவுன்டரில் இருப்பவருக்குத் தமிழ் மட்டும் தெரியும், வந்திருப்பவருக்குக் கன்னடம் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னடம் தெரிந்த ஒருவரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தால் வேலை உடனே நடக்கும். ஆனால் இன்னொரு சம்பளம், இன்னொரு நாற்காலி. இது வன்பொருள் வழி. இல்லையென்றால் கவுன்டர்காரரே அகராதியைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். தனிச் சம்பளம் இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிஷம். வரிசை வாசல் தாண்டிப் போய்விடும். இது எமுலேட்டர் வழி.

1980களின் வீட்டுக் கணினிகள் ரொம்ப மெதுவான குமாஸ்தாக்கள். அதனால் அன்றைக்கு நாற்காலி போடுவதுதான் வழி. 1980இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி, ஆப்பிள் 2 கணினிக்குள் செருகுகிற 'சாஃப்ட்கார்டு' என்ற அட்டையை விற்றது. அதில் இருந்தது இசட்80 என்கிற வேறொரு செயலி. ஆப்பிளுக்குள் உட்கார்ந்துகொண்டு, அன்று அலுவலகங்கள் பயன்படுத்திய சிபிஎம் புரோகிராம்களை அது ஓட்டும். பிபிசி மைக்ரோவின் அடிப்பக்கத்திலும் இரண்டாவது செயலியை மாட்டுவதற்கென்றே 'டியூப்' என்று ஓர் இணைப்பு வைத்திருந்தார்கள். 1986 வாக்கில் அமிகா கணினியில் ஐபிஎம் பிசி புரோகிராம்களை ஓட்ட இரண்டு வழியும் கிடைத்தன. 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற மென்பொருள் மலிவு, ஆனால் ஆமை. 'சைடுகார்' என்ற பெட்டி வேகம், ஆனால் விலை. கிட்டத்தட்ட ஒரு முழு பிசியையே பக்கத்தில் ஒட்ட வைத்த மாதிரி.

கணினியில் நம் மொழிகள் வந்த கதையிலும் இது உண்டு. டாஸ் காலத்து புரோகிராம்களுக்கு இந்திய எழுத்துகளைக் காட்டவும் தட்டவும் கற்றுக்கொடுத்தது சி-டாக் நிறுவனத்தின் 'ஜிஸ்ட்' அட்டை. பிசியைத் திறந்து உள்ளே செருக வேண்டும். பிறகு குமாஸ்தா வேகமாகிவிட்டார். அகராதி மனப்பாடமாகிவிட்டது. யூனிகோடு வந்தது, விண்டோஸ் 2000இல் தமிழும் இருந்தது. அட்டை போயே போச்சு.

எமுலேட்டர் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஐபிஎம். 1964இல் அவர்கள் சிஸ்டம்/360ஐ அறிவித்தபோது, பழைய 1401 மெஷினுக்குப் புரோகிராம் எழுதி வைத்திருந்த வாடிக்கையாளர்கள் "எங்கள் கணக்கெல்லாம் என்ன ஆவது?" என்று கேட்டார்கள். புது மெஷினுக்குள்ளேயே பழையதைப் போல நடக்கிற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார்கள். அது வன்பொருளும் மென்பொருளும் கை கோத்துச் செய்த வேலை. ஆக, இரண்டும் சக்களத்திகள் இல்லை, அக்கா தங்கைதான்.

சரி, சாருடைய பெட்டிக்கு வருவோம்.

எங்கள் தெருவில் டிவி, மிக்சி பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். சிவாஜிநகர் குஜிரியில் ஒரு வண்டியின் இன்ஜினை இன்னொரு வண்டியில் ஏற்றி ஓட்டிக் காட்டுகிற ஊர்க்காரர். அவருக்கு இது பெரிய விஷயமா? முதல் வார்த்தையே, "சார், சும்மா ஆசைக்கு ஆன் பண்ணிடாதீங்க" என்றார். முப்பது வருஷம் சும்மா கிடந்த மின்வழங்கியில் சின்ன கெப்பாசிட்டர்கள் விரிசல் விட்டு ஈரம் குடித்திருக்கும். மின்சாரம் பட்டதும் வெடித்துப் புகை வரும். அவற்றை மாற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். இரண்டு சுருதியில் ஒரு 'பீப்'. அவர் கடையின் பழைய டிவியில் எழுத்துகள் வந்து நின்றன. சார் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஃப்ளாப்பி டிரைவ்தான் எழுந்திருக்கவில்லை. அதற்கும் ஒரு வன்பொருள் வழி உண்டு. 'கோடெக்' என்று ஒரு சின்னப் பெட்டி. டிரைவ் இருந்த இடத்தில் மாட்டி, பென் டிரைவைச் செருகினால், மெஷின் அதை ஃப்ளாப்பி என்றே நம்பிவிடும். ஆனால் பென் டிரைவில் போட ஃப்ளாப்பியின் நகல் வேண்டுமே? எமுலேட்டருக்கும் அதே நகல்தான் வேண்டும். எந்த வழியில் போனாலும் முதல் வாசல் ஒன்றுதான்.

என்னோடு வேலை செய்பவரின் மகன் பொறியியல் படிக்கிறான். அவன் 'கிரீஸ்வீசல்' என்ற சின்ன யூஎஸ்பி அட்டையும், எஸ்.பி. ரோட்டில் தேடிப் பிடித்த ஐந்தேகால் அங்குல டிரைவும் கொண்டுவந்தான். பிபிசி மைக்ரோ ஃப்ளாப்பிகள் பழைய ஒற்றை அடர்த்தி முறையில் எழுதப்பட்டவை. டிராக்குக்கு 10 பகுதி, பகுதிக்கு 256 பைட். 40 டிராக் என்றால் ஒரு பக்கத்துக்கு 100 கிலோபைட். பல பிசிக்களுக்கு இதைப் படிக்கவே தெரியாது. இந்த அட்டை எதையும் புரிந்துகொள்ள முயல்வதில்லை. தட்டின் மேல் காந்தம் எங்கெங்கே திரும்புகிறது என்பதை அப்படியே பதிவு செய்துகொள்ளும். பொருள் பிரிப்பது பிற்பாடு, மென்பொருளின் வேலை. 14இல் 11 முழுசாக வந்தன. பூஞ்சை பிடித்த இரண்டு, ஆல்கஹால் வைத்துத் துடைத்தபின் பாதி பாதி. ஒன்று போய்விட்டது.

நகல் கையில் வந்த ராத்திரியே என் லேப்டாப்பில் எமுலேட்டர் ஓடியது. 'பீப்எம்' என்பது 1990களிலிருந்தே இருக்கிறது. 'ஜேஎஸ்பீப்' பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். பாடம் வந்தது. 'அ' வந்தது. சத்தமும் வந்தது. "பட்டனை அமுக்கு" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

அமுக்க எங்கே பட்டன்? மரப்பெட்டி மெஷினின் அடியில் ஒரு சொருகியில் மாட்டுவது. அந்தச் சொருகிக்குரிய முகவரியில் என்ன எண் இருக்கிறது என்று புரோகிராம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எமுலேட்டர் மெஷினைப் போல நடிக்கும். ஆசாரி செய்த மரப்பெட்டியைப் போல நடிக்க அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எழுத்தின் அழகிலும் ஒரு வித்தியாசம். சார் வரைந்த எழுத்துகள் பாயின் பழைய டிவியில் வட்டமாக, அச்சில் வார்த்தது போல இருந்தன. என் லேப்டாப்பில் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தன. அவர் டிவியின் மங்கலையும் கணக்கில் சேர்த்துத்தான் புள்ளி வைத்திருக்கிறார். சில எமுலேட்டர்கள் அந்த மங்கலையும் செய்து காட்டப் பார்க்கின்றன. ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அசல் அசல்தான்.

நகலில் மாற்றம் செய்யலாமா கூடாதா என்று நானும் அந்தப் பையனும் விவாதம் பண்ணிக்கொண்டிருந்தோம். சார் நடுவில் புகுந்து, "எழுதினவன் நான் உட்கார்ந்திருக்கேன், நீங்க என்னப்பா பஞ்சாயத்து பண்றீங்க?" என்று லேப்டாப்பை இழுத்துக்கொண்டார். வரி எண்களைப் போட்டுப் பட்டியலை ஓடவிட்டார். 37 வருஷத்துக்கு முந்தைய தன் கையெழுத்தைப் படிப்பது போலப் படித்தார். பட்டனைப் பார்க்கும் நாலு வரியை, விசைப்பலகையைப் பார்க்கும்படி மாற்றினார். பத்து நிமிஷம். அசல் நகல் தனியாக, திருத்தினது தனியாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெல்போர்னில் பேத்தி அம்புக்குறி விசையைத் தட்டி 'ஆ' வரை வந்தாள். இங்கே வீடியோ காலில் சார், "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் கிடைத்தது. பாதி மீண்ட ஒரு ஃப்ளாப்பியில் மதிப்பெண் பட்டியல். 1988இல் அந்தப் பாடத்தைப் படித்த பிள்ளைகளின் பெயர்கள், ஆங்கில எழுத்தில், பத்து எழுத்தோடு வெட்டி. சார் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். "இவன் ரஸ்ஸல் மார்க்கெட்ல பழக்கடை. இவ நர்ஸு, துபாய்ல இருக்கா. இவன்... இவன் போயிட்டான்." அந்த ஃப்ளாப்பி இன்னும் இரண்டு மழைக்காலம் பரணில் கிடந்திருந்தால் இந்தப் பெயர்கள் எங்கே போயிருக்கும்?

பெரிய இடத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த நிலக்கணக்குப் புத்தகம் 'டூம்ஸ்டே'. அதன் 900ஆவது ஆண்டுக்காக 1986இல் பிபிசி ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பத்து லட்சம் பேருக்குமேல், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதிச் சேர்த்தார்கள். பிபிசி மாஸ்டர் கணினியில் லேசர் தட்டைப் போட்டுத்தான் அதைப் பார்க்க முடியும். பதினாறே வருஷத்தில் அந்த மெஷின்கள் அருகிப்போய்விட்டன. 900 வருஷத்துப் புத்தகத்தைப் படிக்க முடிகிறது, 16 வருஷத்துத் தட்டைப் படிக்க முடியவில்லை! கடைசியில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கேமிலியான் திட்டத்தார் 2002இல் ஒரு எமுலேட்டர் வழியாக அதை ஓட்டிக் காட்டினார்கள். தட்டிலிருந்து தகவலை இறக்க அவர்களுக்கும் ஒரு நிஜ மெஷின் தேவைப்பட்டது.

நம் ஏட்டுச் சுவடிகளும் இப்படித்தானே பிழைத்தன? ஓலை செல்லரித்துப் போகும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். யாரும் பெயர்த்தெழுதாத ஓலை போய்விட்டது. எமுலேட்டர் என்பது பெயர்த்தெழுதுகிற வேலை. கோடெக்கும் கெப்பாசிட்டரும் பழைய ஓலைக்கு எண்ணெய் தடவுகிற வேலை.

கணக்குப் பிள்ளை புத்தியில் சொன்னால், பெட்டிக்கு ஆன செலவு 11,400 ரூபாய். இனிமேலும் ஆகும், ஒரு சிப் போனால் இன்னொரு மெஷினிலிருந்துதான் பிடுங்க வேண்டும். எமுலேட்டருக்குச் செலவு இல்லை. நகலை மெல்போர்னிலும் வைக்கலாம், மதுரையிலும் வைக்கலாம். பெட்டி ஒரு வீட்டில்தான் இருக்கும். ஆனால் பட்டனின் தொடுகையும் டிவியின் மங்கலும் பெட்டியோடுதான். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், தயங்காமல் நகலுக்குப் பணத்தைப் போடுங்கள். வன்பொருளை உள்ளே இருப்பதை வெளியே எடுக்க ஒரு தடவையாவது பயன்படுத்துங்கள். எடுத்ததை மென்பொருளிடம் ஒப்படையுங்கள்.

இந்த இரண்டும் இல்லாத ஒன்று உண்டு. அந்த நாலு வரியை மாற்ற சார் இருந்தார். மெஷின் போனால் எமுலேட்டர் வரும். எழுதினவர் போய்விட்டால், எந்த பட்டன் எதற்கு என்று சொல்ல எந்த எமுலேட்டரும் வராது. அதனால் இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது பரணில் ஏறுங்கள். எதையும் அவசரப்பட்டு ஆன் செய்யாதீர்கள். பெட்டியைக் கீழே இறக்கி, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் வைத்து, "இதுல என்ன இருக்கு, யாரு எழுதினது, யாரு பேசினது?" என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பாய் பார்த்துக்கொள்வார்.

கொசுறு: பிபிசி மைக்ரோவின் 'டியூப்' இணைப்பைச் சொன்னேன் இல்லையா? ஏகார்ன் கம்பெனி 1985 ஏப்ரலில் தன் முதல் ஆர்ம் செயலியைச் சோதித்தது அந்த இணைப்பில் மாட்டித்தான். இன்று நம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் செல்போனில் ஓடுவது அந்தக் குடும்பத்துச் செயலிதான். இப்போது ஆர்வலர்கள் ஆர்ம் செயலி உள்ள ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை அதே இணைப்பில் மாட்டி, பழைய இசட்80 போல நடிக்க வைக்கிறார்கள். இது வன்பொருள் வழியா, எமுலேட்டர் வழியா? சாரிடம் கேட்டேன். "பேரன் வந்து தாத்தா நாற்காலியில உட்கார்ந்திருக்கான், அவ்வளவுதான்" என்றார்.